தொண்டைத் தரம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ஏலக்காரர் கூடத்துக்குள் வந்து தலைகளை எண்ணினார். நாற்காலி எண்பது, தலை முப்பத்தொன்று. அந்த முப்பத்தொன்றாவது தலையும் மழைக்கு ஒதுங்கியதுதான் என்று அதன் காலடியில் தேங்கியிருந்த தண்ணீர் சொன்னது.

மற்ற வாரமாக இருந்தால் மனசு ஒடிந்துபோயிருக்கும். இந்த வாரம் ஒடிவதற்கு ஒன்றுமில்லை. இதுதான் கடைசி ஏலம். முன்வரிசையில் நீல ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, சலவை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்காரரிடம் மாலை நான்கு மணிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், நூற்றுப் பதினெட்டு வருஷத்து ஏல வீட்டின் பெயர் அவர்களுடையது. அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பெயரில் ஏலம் கைபேசிக்குள் நடக்கும். கூடத்தைப் பூட்டிவிடலாம். ஏலக்காரர் வீட்டில் உட்கார்ந்து, ஐம்பது வருஷமாக ஆசைப்பட்டபடி, நிம்மதியாக மூக்கைச் சொறியலாம்.

மூக்கைச் சொறிவது லேசுப்பட்ட காரியமில்லை. அந்தக் கூடத்துக்குள் கை மேலே போனால் பொருள் கேட்டதாக அர்த்தம். ஏல வீட்டுப் பிள்ளைகள் கையை மடியில் வைத்துக்கொண்டே வளர்ந்தவர்கள். ஏலக்காரருக்கு இப்போது வயது ஐம்பத்திரண்டு. இன்னமும் கொசுவை ஊதித்தான் விரட்டுவார்.

கம்பெனி வாங்குவது கட்டடத்தை அல்ல, பெயரை மட்டும். வெறும் பெயருக்கு அத்தனை மதிப்பு வந்ததற்கு ஒரே காரணம்: இந்த வீட்டில் சுத்தியல் விழுந்தால் விழுந்ததுதான். வாங்கியவர் அழுதாலும் விற்றவர் அழுதாலும், முக்கியமாக ஏலக்காரரே அழுதாலும், திரும்பாது. ஒழுங்காகப் பார்த்தால் வீட்டின் சரித்திரமே தவறி விழுந்த சுத்தியல்களின் சரித்திரம்தான்.

வீட்டை ஆரம்பித்த கொள்ளுத்தாத்தா, விடுதிகளில் ஆட்கள் விட்டுவிட்டுப் போன பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூவி விற்றவர். கூடம் கட்டிய முதல் வருஷமே, மாடியிலிருந்து யாரோ தப்பாக இறக்கி வைத்த தன் கல்யாண அலமாரியை, மனைவியின் துணிமணிகளோடு சேர்த்து, ஒரு மருந்துக்கடைக்காரருக்குச் சுத்தியல் அடித்துக் கொடுத்துவிட்டார். அலமாரி போனது போனதுதான். துணியை மட்டும் மருந்துக்கடைக்காரர் பெரிய மனசு பண்ணித் திருப்பி அனுப்பினார். மனைவி மூன்று மாதம் கொள்ளுத்தாத்தாவோடு பேசவில்லை. அந்த மூன்று மாதத்தில்தான் வியாபாரம் சூடு பிடித்தது என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

தாத்தா முற்றத்தில் நின்ற காரை விற்றார். அது விற்பனைக்கு வந்த கார் இல்லை. விற்பனைக்கு வந்திருந்தவரின் கார். அவருக்கு அதே நிறத்தில் இன்னொன்று வாங்கிக் கொடுத்துவிட்டு ஆறு வருஷம் நடந்தே வேலைக்கு வந்தார். அப்பா நிதானக்காரர். அவர் காலத்தில் ஒரே ஒரு தவறுதான்: கூடத்துச் சுவர்க் கடிகாரம். ஏல எண் அட்டையை யாரோ இடம் மாற்றி அதன் மேல் ஒட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து சுவரில் ஆணி மட்டும். மணி தெரியாததால் ஜனங்கள் கூடுதலாக உட்கார்ந்தார்கள், உட்கார்ந்ததால் கூடுதலாகக் கேட்டார்கள். அதைப் பார்த்த அப்பா வேறு கடிகாரம் மாட்டவே இல்லை.

இந்த மூன்று பேரும் மேடைக்குப் பின்னால் படமாகத் தொங்கினார்கள். பக்கத்தில் நாலாவது படத்துக்கு இடம் விட்டிருந்தது. ஏலக்காரர் தன் முகத்தை அந்த இடத்தில் வைத்துக் கற்பனை செய்து பார்த்தார். மூன்று ஏலத்துக்கு வந்தும் விலைபோகாத பூச்சாடி மாதிரி இருந்தது. வீட்டை ஆரம்பித்தவர், நடத்தியவர், காப்பாற்றியவர், இழுத்து மூடியவர் என்று வரிசையாக எழுதிவைத்தால் அவருடைய இடம் எதுவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த விற்பனையைப் பற்றி ஏலக்காரர் யோசனை கேட்காமல் விட்ட ஒரே ஆள் அக்கா. அவரைவிட நான்கு வயது மூத்தவள். பத்தொன்பது வருஷமாகப் பின்னறையில் சம்பளத்துக்கு வேலை: வருகிற ஒவ்வொரு பொருளையும் தட்டிப் பார்த்து, திறந்து பார்த்து, முகர்ந்து பார்த்து ஏலப் பட்டியல் எழுதுவது. பொய் ஒரு வரி இருக்காது. 'நாற்காலி. நான்காவது கால் பிற்காலத்தது. மற்ற மூன்றோடு இப்போது நன்றாகப் பழகிவிட்டது.' 'தையல் இயந்திரம். ஓடும். ஓடும்போது பேச முடியாது.' 'இரும்புப் பெட்டி. சாவி இல்லை. உள்ளே ஏதோ உருள்கிறது. நாங்களும் ஆவலாக இருக்கிறோம்.'

அவள் பங்குதாரர் இல்லை. பங்குதாரர்கள் இரண்டே பேர்: ஏலக்காரர், அவருடைய சித்தப்பா. ஆகவே அவளைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்று ஏலக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் பயந்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கிக்கொண்டது. அதைப் பிடித்து இழுத்தபோது அக்காவின் கைக்கு வந்தது ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கம். அன்றிலிருந்து அவள் தம்பியோடு பட்டியல் பாஷையில்தான் பேசினாள்.

"மேசை மேல் டீ ஒன்று. ஆறியது. உள்ளது உள்ளபடி."

இவ்வளவுதான் பேச்சு. வாங்கிக் குடித்துவிட்டு அவரும் பேசாமல் போவார்.

பதினோரு மணிக்கு முன்னால் தொண்டைத் தரம். இது கொள்ளுத்தாத்தா ஆரம்பித்து வைத்த பழக்கம். நிஜ ஏலம் தொடங்குமுன் குரல் திறப்பதற்காக, சும்மா ஒரு பொருளைத் தமாஷாகக் கூவி விற்பது. நேற்றைய மழை, சித்தப்பாவின் மீசை, ஏலக்காரரின் வழுக்கை எல்லாம் பல தடவை விலைபோயிருக்கின்றன. தொண்டைத் தரத்துக்கு ஒரே ஒரு விதி: சுத்தியல் கூடாது. மூன்றாம் தரம் சொல்லும்போது விரல் முட்டியால் மேடையைத் தட்ட வேண்டும். முட்டி என்றால் தமாஷ், சுத்தியல் என்றால் நிஜம். ஏலக்காரரின் வலது கைக்கு இது இருபத்தேழு வருஷமாகத் தெரியும்.

"இன்னிக்குத் தொண்டைத் தரம் என்னண்ணே?" இரண்டாவது வரிசையிலிருந்து ரேடியோக்காரர் குரல் கொடுத்தார். பழைய ரேடியோக்களை வாங்கிப் பழுது பார்த்து விற்பவர். பேசும் ரேடியோ அவரே. "வழுக்கை போன வாரமே போயிடுச்சு. மிச்சம் ஏதாவது இருக்கா?"

"இன்னிக்குப் பெரிய சரக்கு." ஏலக்காரர் மேடை ஏறினார். சிரிப்பதாக நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். "இந்த ஏல வீடே. பேர் ஒண்ணு. மேடை ஒண்ணு. நாற்காலி எண்பது, அதுல ஆடுறது பதினொண்ணு. சுவத்துல பெரியவங்க மூணு பேர், சிரிக்க மாட்டாங்க. கட்டடம் சேராது, அது எங்க சித்தப்பா பேர்ல இருக்கு, அடிக்க வந்துடுவார். கூடவே ஏலக்காரன் ஒருத்தன். பழுது உண்டு. நல்லாப் பாத்துட்டு வாங்கிக்கங்க, அப்புறம் வந்து புலம்பக் கூடாது."

"அஞ்சு!" என்றார் ரேடியோக்காரர்.

"ஏலக்காரனைக் கழிச்சுட்டா பத்து!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கதவோரம் உட்கார்ந்திருந்த சித்தப்பா கைத்தடியை உயர்த்தினார். எழுபத்தெட்டு வயது, தமாஷ் என்றால் முதல் ஆள். "இருபது!"

"சித்தப்பா, பங்காளியும் குடும்பத்தாரும் கேக்கக் கூடாது. நம்ம சட்டம்."

"தமாசுக்குக் கூடவாடா?"

"தமாசுக்குத்தான் முதல்ல."

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் பின்கதவுப் பக்கமிருந்து, சத்தம் போடாத ஒரு குரல் வந்தது.

"நூத்திப் பதினெட்டு."

அக்கா. பென்சில் பிடித்த கை மேலே இருந்தது. "வருஷத்துக்கு ஒண்ணு" என்றாள்.

மூன்று வாரத்தில் அவள் பட்டியல் பாஷை இல்லாமல் பேசிய முதல் பேச்சு அது. ஏலக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அக்கா கோபம் தணிந்துவிட்டாள், அக்கா விளையாடுகிறாள்! "நூத்திப் பதினெட்டு, பின்கதவுப் பக்கம்! ஒரு தரம்..." யாரும் கேட்கவில்லை. "ரெண்டு தரம்..." சித்தப்பா சிரித்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரரும் மரியாதைக்குச் சிரித்தார். "மூணு தரம்!"

விரல் முட்டி பட்டால் 'டொக்' என்று கேட்கும். இது அப்படிக் கேட்கவில்லை. ஆடும் நாற்காலிகள் பதினொன்றும் ஒருமுறை அதிர்ந்து அடங்கின.

"அண்ணே," என்றார் ரேடியோக்காரர், கோயிலுக்குள் பேசுகிறவர் மாதிரி குரலைத் தாழ்த்தி. "கையில என்னன்னு பாருங்க."

ஏலக்காரர் பார்த்தார். சுத்தியல் இருந்தது.

கம்பெனிக்காரர் ஒருவர்தான் கைதட்டினார். "பிரமாதம் சார்! கடைசி ஏலத்துக்கு ஏத்த தமாஷ்." மற்றவர்கள் யாரும் தட்டாததைக் கவனித்துவிட்டு மெல்ல நிறுத்தினார்.

அக்கா நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து, நோட்டும் சில்லறையுமாக மேடை விளிம்பில் வைத்தாள்.

"ரசீது."

"அக்கா, விளையாடாத."

"விளையாடினது நீ. நான் கேட்டேன். ரசீது குடு."

"மத்தியானம் பேசிக்கலாமே. மணி பதினொண்ணு ஆச்சு."

"இங்க கடிகாரமே இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் பட்டியலோடு தன் மேசைக்குப் போனாள். ஏலக்காரர் தண்ணீர் குடித்தார். உருப்படி ஒன்று, குடை தாங்கி, ஏலத்துக்கு வந்தது.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. பின்னறைக்குள் ஏலக்காரர் நுழையுமுன்னே சித்தப்பா நுழைந்து, தடியால் தரையைக் குத்திக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் செல்லாது! கை தவறினது. நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டு முடிச்சுடுவோம். ஏன்மா, உனக்கு வேற நேரமே கிடைக்கலையா?"

"நான் நேரம் பாக்கல சித்தப்பா. அவன் கூவினான், நான் கேட்டேன்."

"குடும்பத்தார் கேக்கக் கூடாதுன்னு எனக்குச் சட்டம் சொன்னானே, உனக்கு அது இல்லையா?"

அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். தேடவில்லை, மேலேயே இருந்தது. அப்பா போன பிறகு, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிய பங்குப் பத்திரம். வக்கீல் எழுதியதை அவள் பட்டியல் வாசிப்பதுபோலவே வாசித்தாள்: "'மூத்த மகள் திருமணமாகிப் போனவர் என்ற முறையில் நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர்.' கீழ ரெண்டு கையெழுத்து. ஒண்ணு உங்களுது, ஒண்ணு இவனுது. நான் கூடத்துல வேலை பாக்கற ஆள். வேலை பாக்கறவங்க கை தூக்கி, எல்லார் எதிர்லயும் கேக்கலாம். எத்தனையோ பேர் கேட்டு வாங்கியிருக்காங்க."

சித்தப்பா கூரையைப் பார்த்தார். ஏலக்காரருக்குப் பார்க்க இடமே கிடைக்கவில்லை.

"படிச்சுட்டாடா கையெழுத்துப் போட்ட?" என்று கேட்டாள் அக்கா. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

படிக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "படிச்சேன்க்கா" என்று வந்தது. "வக்கீல், வழக்கமா இப்படித்தான் எழுதறதுன்னு சொன்னார். எனக்கும் அப்ப... எல்லாம் நம்ம கையில வருதேன்னு இருந்துச்சு."

"ம். உள்ளது உள்ளபடி சொன்ன வரைக்கும் சரி."

"நான் ஒத்துக்கலையே!" என்று சித்தப்பா மறுபடி பிடித்துக்கொண்டார். "ரெண்டு பங்குதாரர்ல ஒருத்தன் நான்."

"நீங்கதான் இருபதுக்குக் கேட்டீங்களே. விக்கறதுக்கு இல்லாத பொருளை யாராவது விலை கேப்பாங்களா?"

"தமாசுக்குக் கேட்டேன்மா!"

"நான் நெசத்துக்குக் கேட்டேன். இன்னொண்ணும் சொல்றேன். கட்டடம் உங்களுது. குடும்பத்துக்குள்ள எதுக்கு வாடகைன்னு உங்க அண்ணன் கடைசி வரைக்கும் உங்களுக்கு வாடகை குடுக்கல. நான்தான் குடும்பம் இல்லையே. ஒண்ணாந்தேதியானா குடுத்துடுவேன்."

சித்தப்பாவின் தடி தரையைக் குத்துவதை நிறுத்தியது. நாற்பது வருஷமாக அவர் கேட்க வெட்கப்பட்ட ஒன்று அது. "கூரை ஒழுகினா யார் பாக்கறது?" என்று சன்னமாகக் கேட்டார்.

ஏலக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அக்கா, கேளு. முப்பத்தொரு பேர்தான் வந்தாங்க. அதுல ஒருத்தர் மழைக்கு ஒதுங்கினவர். எத்தனை வாரம் இப்படி ஓட்டுவ? நான் மேல நின்னு காலி நாற்காலிகிட்ட விலை கேட்டுட்டிருக்கேன். நாலு மணிக்கு நான் கை தவறினதுன்னு சொல்லிடப் போறேன். உன்னை ஏமாத்த இல்ல. உன்னையும் சேத்து முழுக வைக்க எனக்கு மனசில்ல."

"அந்த மழைக்காரர் மூணு ஐட்டம் எடுத்திருக்கார், தெரியுமா?"

"என்னது?"

"மழை பன்னிரண்டு மணிக்கே விட்டுடுச்சு. அவர் போகல. பட்டியலைப் படிச்சுட்டு உக்காந்திருக்கார். சிரிக்கறார் வேற." அவள் தாளை மடித்து இழுப்பறைக்குள் வைத்தாள். "நீ நாலு மணிக்கு என்ன வேணும்னாலும் சொல்லு. உன் வாய். ஆனா சொல்லும்போது சுத்தியலைக் கையில வச்சுக்கிட்டுச் சொல்லு."

மத்தியான ஏலம் சுரத்தில்லாமல் தொடங்கியது. ஏலக்காரரின் வாய் விலை கூறியது. மனசு நாலு மணிக்குச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஒத்திகை பார்த்தது. 'சும்மா விளையாட்டுக்கு நடந்தது.' நல்ல வாக்கியம்தான். சின்னது. தாத்தாவுக்கு இது தெரிந்திருந்தால் ஆறு வருஷம் நடந்திருக்க வேண்டாம்.

உருப்படி எண்பத்து நான்கு வந்தது. பட்டியலில் அக்கா எழுதியிருந்தாள்: 'முடிதிருத்தும் நாற்காலி. வார்ப்பிரும்பு. சுற்றும், சாயும், உயரும். இறங்க மட்டும் யோசிக்கும். தூக்க நான்கு பேர் வேண்டும், ஐந்தாவது ஆள் ஆலோசனை சொல்லலாம்.'

மழைக்காரர் கேட்டார். ஒரு முடிதிருத்துக் கடைக்காரர் மேலே கேட்டார். மழைக்காரர் இன்னும் மேலே போனார். அப்போது தெருப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே கம்பெனிக்காரரின் டிரைவர் தோன்றி, வண்டியை நகர்த்தச் சொல்கிறார்கள் என்று சைகை காட்டினார். கம்பெனிக்காரர் நீல ஃபைலைத் தூக்கி, 'இரு, இரு' என்று ஆட்டினார். ஏலக்காரரின் கண்ணுக்கு உயர்ந்த கைதான் தெரிந்தது. விலை ஏறியது. மழைக்காரர் விடவில்லை. டிரைவரும் விடவில்லை. ஃபைல் மறுபடி உயர்ந்தது. மழைக்காரர் தலையை ஆட்டி ஒதுங்கிக்கொண்டார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். சுத்தியல் விழுந்தது.

"வாழ்த்துகள் சார்" என்று ரேடியோக்காரர் முன்வரிசைக்கு எட்டிக் கை கொடுத்தார்.

"எதுக்கு?" என்றார் கம்பெனிக்காரர்.

ரேடியோக்காரர் நாற்காலியைக் காட்டினார். அதன் பக்கத்தில் நான்கு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். கம்பெனிக்காரர் நாற்காலியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தன் கையில் இருந்த ஃபைலைப் பார்த்தார்.

ஏலக்காரர் அவசரமாக மேடை விளிம்புக்கு வந்தார். "சார், நீங்க டிரைவருக்குக் கை காட்டினீங்க. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். பரவாயில்ல, விட்டுடலாம். அந்த சாருக்கே குடுத்துடலாம்."

சொன்ன பிறகுதான் தன் காதில் விழுந்தது. விட்டுடலாம். அந்த மேடையில் நூற்றுப் பதினெட்டு வருஷத்தில் யாரும் சொல்லாத வார்த்தை. நாற்காலிகளில் இருந்த தலைகள் அத்தனையும் நிமிர்ந்தன. அக்காவின் பென்சில் நின்றது. முதுகுக்குப் பின்னால் மூன்று பெரியவர்கள் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

கம்பெனிக்காரர் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்தார். "எதுக்கு சார் விடணும்? சுத்தியல் விழுந்துடுச்சுல்ல?"

"விழுந்துடுச்சு. ஆனா நீங்க கேக்கலையே."

"கை தூக்கினேனே. இங்க விழுந்தா விழுந்ததுதான்னு எனக்குத் தெரியாதா? எங்க ஆபீஸ்ல நானே அதைப் பத்தி அரை மணி நேரம் பேசியிருக்கேன். அந்த ஒரு பேருக்காகத்தானே எங்க கம்பெனி இவ்வளவு..."

அவர் நிறுத்தினார். புத்திசாலி, தான் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்பது அதன் பாதியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி அக்காவைப் பார்த்தார். மேடை விளிம்பில் காலையிலிருந்து யாரும் தொடாமல் கிடந்த நோட்டையும் சில்லறையையும் பார்த்தார். பிறகு, கேட்கப் பிடிக்காமலே கேட்டார்.

"அப்ப, காலையில விழுந்தது?"

ஒத்திகை பார்த்த வாக்கியம் ஏலக்காரரின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கையில் சுத்தியலும் இருந்தது. அதைச் சொன்னால் நாளைக்கு மூக்கைச் சொறியலாம். ஆனால் வழியில் வந்து மாட்டிக்கொண்ட ஒரு மனிதர் கௌரவமாக இரும்பு நாற்காலியை ஏற்றுக்கொண்டு நிற்கும்போது, இங்கேயே பிறந்து வளர்ந்த தான் எந்த முகத்தோடு சொல்வது? அதைவிட, சொல்ல வேண்டாம் என்று முடிவானதும் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது. மூன்று மாதமாக அவர் அதைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார். வேறென்னவோ போலிருக்கிறது.

"அது போயிடுச்சு சார்" என்றார். "பின்கதவுப் பக்கம், நூத்திப் பதினெட்டு. வாங்கினவங்க பதினோரு மணியிலேர்ந்து ரசீதுக்குக் காத்திருக்காங்க."

ரசீதுப் புத்தகத்தை இழுத்து, எல்லோரும் பார்க்க எழுதினார். 'பொருள்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தபோது, "கூவினது அத்தனையும் எழுது" என்றாள் அக்கா. "ஏலக்காரனை விட்டுடாத."

"பழுதோடயா?"

"பின்ன, பழுது இல்லன்னா பொய்யாயிடும்."

கதவோரமிருந்து சித்தப்பா கனைத்தார். எல்லோரும் அவர் சண்டைக்கு எழுகிறார் என்று பார்த்தார்கள். "வாடகை ஒண்ணாந்தேதின்னு அதுலயே ஒரு வரி போட்டுடு" என்றார்.

கம்பெனிக்காரர் ஃபைலைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "இதை எங்க ஆபீஸ்ல எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"நாற்காலியைக் காட்டிச் சொல்லுங்க சார்" என்றார் ரேடியோக்காரர். "சாய்ச்சு உக்கார வச்சுச் சொன்னா எதையும் கேட்டுப்பாங்க."

ஏலம் முடிய நான்கரை ஆயிற்று. நாற்காலியைக் கம்பெனி வண்டியில் ஏற்ற நான்கு பேர் போதவில்லை. கம்பெனிக்காரரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆறாவது ஆளாகச் சேர்ந்தார். ஐந்தாவது ஆளாகச் சித்தப்பா ஆலோசனை சொன்னார். மழைக்காரர் போகிற வழியில் அக்காவின் மேசைக்கு வந்து, இந்தப் பட்டியல் வாராவாரம் வருமா, வீட்டுக்கு அனுப்புவார்களா, தன் அலுவலகத்தில் இருக்கிற ஏழெட்டுப் பேருக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். அக்கா அவர் பெயரை எழுதிக்கொண்டு, அன்றைய பட்டியலில் ஒன்பது பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

கூடம் காலியானது. அக்கா ஆடும் நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துத் தனியாக ஒதுக்கினாள். ஏலக்காரர் பின்னாலேயே போய் அவற்றைத் தூக்கி வைத்தார்.

"அந்தப் பத்திரம் இருக்குல்ல" என்றார், நாற்காலியிடம் சொல்வதுபோல. "நாளைக்கே வக்கீல்கிட்ட போய் மாத்தி எழுதச் சொல்றேன். நீ குடும்பம்னு."

"அவசரப்பட்டு ஏழரையைக் கூட்டாத. நான் குடும்பம்னு எழுதினா, குடும்பத்தார் வாங்கினது செல்லாதுன்னு சித்தப்பா நாளன்னைக்கு ஆரம்பிப்பார். ஒரு வருஷம் போகட்டும்."

"ஒரு வருஷம் நீ வெளியாளாவே இருக்கப் போறியா?"

"பத்தொம்பது வருஷம் இருந்தேனே. இது முதலாளியா இருக்கற வெளியாள். வித்தியாசம் இருக்கு." அவள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "எழுதினாலும் எழுதாட்டாலும், நீ படிச்சேன்னு சொன்னியே, அது போதும் இப்போதைக்கு."

ஏலக்காரர் ஒரு நாற்காலியைத் தேவையில்லாமல் இடம் மாற்றி வைத்தார்.

அப்போது வாசலில் சக்கரம் கிறீச்சிட்டது. ஒரு பெண்மணி, இரட்டைக் குழந்தைகளை உட்கார வைக்கும் அகலமான தள்ளுவண்டியை நிலைப்படியில் ஏற்ற முடியாமல் நின்றாள். வண்டிக்குள் குழந்தைகள் இல்லை. இரண்டு இருக்கையிலும் பழைய புத்தகங்கள் கட்டுக்கட்டாக உட்கார்ந்திருந்தன.

"இங்க ஏலத்துக்குப் பொருள் எடுப்பீங்கன்னு சொன்னாங்க. மூடப் போறதாவும் யாரோ சொன்னாங்க. எது சரி?"

ஏலக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, அது இனிமேல் தன் வேலை இல்லை என்று நினைவு வந்து, அக்காவைப் பார்த்தார்.

அக்கா ஏற்கெனவே வண்டியின் முன்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்திருந்தாள். "மூடல. உள்ள கொண்டு வாங்க. இந்த இடது சக்கரம் எப்பலேர்ந்து இப்படி?"

"சின்னவன் பொறந்ததிலேர்ந்து. நேராத் தள்ளினா லெப்ட்ல போகும்."

"சின்னவனா? ரெட்டைப் பிள்ளைங்கதானே?"

"ஏழு நிமிஷம் சின்னவன். ரெண்டு பேரும் இப்ப என்னைவிட உசரம்."

அக்கா எழுதத் தொடங்கினாள். "டேய், ஒரு பக்கம் பிடி" என்றாள் நிமிர்ந்து பார்க்காமல். "அடுத்த செவ்வாய்க்கு இதுதான் முதல் உருப்படி."

ஏலக்காரர் வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கி உள்ளே விட்டார். உருட்டியதும் அது நேராக இடதுபுறம் போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"சொன்னேன்ல?" என்றாள் அந்தப் பெண்மணி.

"இருங்க, அதையும் எழுதிக்கறேன்" என்றாள் அக்கா.